எந்த ஆயிரத்தில் ஒருவர்?

“லேசிக்கா? பதினைந்து நிமிஷ வேலை. ஆயிரத்தில் ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் முடியுமா?”

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கண்ணாடி மாற்ற வந்த பெண்ணுக்கும், சிதம்பரத்தில் விடுதி அறையில் வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பையனுக்கும் யாராவது ஒருவர், கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசர் அறுவையான லேசிக்கைப் பற்றி இதைச் சொல்லியிருப்பார். சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஏற்கெனவே செய்துகொண்டு நலமாக இருக்கும் அத்தை மகன் சொல்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் ‘சோடாபுட்டி’ என்று முகம் சுளிப்பார்களோ என்று கலங்கும் அம்மா சொல்கிறார். சிகிச்சை மையத்தில் கட்டண விவரத்தை நீட்டும் ஆலோசகரும் அதையேதான் சொல்கிறார். கண் மருத்துவர்களிலும் ஒரு பகுதியினர், அரிதான சிக்கலைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்துவது தேவையற்றது என்றே கருதுகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. கருவிழிச் சிக்கல்கள் அரிது என்பது பொய்யில்லை. ஆனால் அந்த அரிய தன்மை தானாக வந்ததில்லை. வாசலிலேயே பலரை “உங்கள் கண்ணுக்கு இது வேண்டாம்” என்று திருப்பி அனுப்பியதால் கிடைத்தது. திருப்பி அனுப்பும் வேலையைச் செய்யாமல், அதனால் கிடைத்த எண்ணை மட்டும் எடுத்துப் பேசுவதைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கண்ணைப் பார்ப்போம். கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். ஐந்து ஜெராக்ஸ் தாளை அடுக்கினால் அவ்வளவுதான். லேசிக்கில் மேலே ஒரு தாளுக்குச் சற்று அதிகமான கனத்தில் மெல்லிய மடலாகக் கீறி, புத்தக அட்டைபோலத் திறக்கிறார்கள். மருத்துவமனைகளில் அதை ஃபிளாப் என்பார்கள். அதன் அடியில் எக்சிமர் லேசர் தேவையான அளவைச் சீவி எடுக்கிறது. பிறகு மடலை மூடிவிடுகிறார்கள். 500 மைக்ரான் தடிமனுள்ள கருவிழி, மைனஸ் 6 பவர், 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவல் என்று வைத்துக்கொண்டால், மடலுக்கு 120 மைக்ரான், லேசருக்கு ஏறக்குறைய 85 மைக்ரான் போய்விடும். மிச்சம் 295. பழைய பிளேடு முறையில் மடல் 160 மைக்ரானாக வந்துவிட்டால் மிச்சம் 255 மட்டுமே. 250-க்குக் கீழே போகக் கூடாது என்பது நெடுநாள் விதி. இன்று பலர் 300-ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். மூடிய மடல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்கும் பழைய வலு அதற்குத் திரும்புவதில்லை. பாரம் முழுவதையும் சுமப்பது அந்த மிச்சத் தாள்கள்தான்.

அவை தாங்காவிட்டால் கருவிழி மெல்ல முன்னால் பிதுங்கத் தொடங்கும். எக்டேசியா என்பது அதுதான். முதலில் எழுத்துக்கு நிழல் விழும். இரவில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு சிதறி வால் முளைக்கும். பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து கூராகாது. கண்ணாடியைக் கழற்றுவதற்காகப் போனவர் கடினக் கான்டாக்ட் லென்ஸுக்கும், முற்றினால் கருவிழி மாற்று அறுவைக்கும் போக வேண்டிவரும்.

இது எப்போதிலிருந்து தெரியும்? கிரேக்கத்தின் கிரீட் தீவில் யோவான்னிஸ் பாலிகாரிஸ் 1990-ல் லேசிக் முறையைத் தொடங்கினார். 1998-லேயே ஜெர்மனியின் தியோ சைலர், லேசிக்குக்குப் பின் கருவிழி பிதுங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண் மருத்துவம் அறிந்த விஷயம் இது. யாருக்கு வரும் என்பதும் பெருமளவு தெரிந்ததே. 2008-ல் எமோரி பல்கலைக்கழகத்தின் பிராட்லி ராண்டில்மனும் சகாக்களும் ஒரு மதிப்பெண் பட்டியலை வெளியிட்டார்கள். கருவிழியின் வளைவு வரைபடம், மிச்சத் தடிமன், வயது, முதல் தடிமன், பவர் ஆகிய ஐந்துக்கும் புள்ளிகள். நான்கும் அதற்கு மேலும் போனால் அதிக ஆபத்து.

அந்தப் பட்டியலை நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 21. அந்த வயதுக்கு மட்டும் 3 புள்ளி. கருவிழித் தடிமன் 490 மைக்ரான். அதற்கு 2 புள்ளி. வரைபடத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், பவர் குறைவாகவே இருந்தாலும், ஐந்து புள்ளி வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும், நிச்சயதார்த்தத்துக்கு முன்பாக, முதல் வேலைக்குச் சேர்வதற்குள் செய்துவிடலாம் என்று நம் வீடுகளில் குறிக்கும் வயது எது? அதே 21, 22. இந்தப் பட்டியலுக்கும் குறைகள் உண்டு, பல நல்ல கண்களையும் ஆபத்து என்று சொல்லிவிடுகிறது என்று வாதிட்ட நிபுணர்கள் இருக்கிறார்கள். கருவிழியின் முன்புறம் பின்புறம் இரண்டையும் படமெடுக்கும் பென்டாகேம் போன்ற கருவிகள் இன்று அதைவிட நுட்பமாகச் சொல்கின்றன. இருக்கட்டும். எந்த அளவுகோலை எடுத்தாலும், ‘ஆயிரத்தில் ஒருவர்’ என்பது எல்லோருக்கும் பொதுவான எண் இல்லை என்பது மட்டும் மாறாது. ஒருவருக்கு அது லட்சத்தில் ஒன்றாகவும் இன்னொருவருக்கு இருபதில் ஒன்றாகவும் இருக்கலாம். எது தனக்கு என்பதை வரைபடம் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவ இதழ்களில் வந்திருக்கும் கணக்குகளும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. லேசிக்குக்குப் பிந்தைய எக்டேசியா 0.04 சதவீதம் முதல் 0.6 சதவீதம் வரை என்பது வழக்கமாகச் சுட்டப்படும் வீச்சு. பத்தாயிரத்தில் நான்கு பேர் ஒரு முனை, ஆயிரத்தில் ஆறு பேர் மறுமுனை. இடையே பதினைந்து மடங்கு வித்தியாசம். பொருந்தாத கண்களை யார் சலித்தார்கள், எவ்வளவு கண்டிப்பாகச் சலித்தார்கள், எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

அடுத்த கேள்வி: அந்த ஆயிரம் பேர் யார்?

ஐரோப்பியர்களின் சராசரிக் கருவிழித் தடிமன் 540 மைக்ரானை ஒட்டியது. தமிழ்நாட்டில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த சென்னை கிளாக்கோமா ஆய்வில் சராசரி 511 மைக்ரான் அளவில்தான் இருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் 2000-ல் வெளியான ஆய்வு, வெள்ளையரைவிடத் தெற்காசியக் குடும்பங்களில் கூம்புக் கருவிழி நோயான கெரட்டோகோனஸ் நான்கு மடங்குக்கு மேல் காணப்படுவதாகச் சொன்னது. நாகபுரியை ஒட்டிய கிராமங்களில் நடந்த மத்திய இந்தியக் கண் ஆய்வில், கருவிழி வளைவு 48 டயாப்டரைத் தொட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தார்கள். வளைவை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டுவது சற்றுத் தாராளமான அளவுகோல்தான் என்றாலும், புறக்கணிக்கத்தக்க எண் அன்று. கெரட்டோகோனஸ் தொடக்க நிலையில் மறைந்திருக்கும் கண்ணில் லேசிக் செய்வதுதான் எக்டேசியாவுக்கு மிக நேரான வழி.

கெரட்டோகோனஸோடு சேர்த்துப் பேசப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கண்ணைக் கசக்குவது. ஒவ்வாமையால் கண் அரித்து, புறங்கையால் அழுத்தித் தேய்க்கும் பிள்ளைகளை இந்தக் கடலோரப் புழுக்கத்திலும் புழுதியிலும் பார்க்காத பள்ளி ஆசிரியர் உண்டா? இன்னொன்று, நெருங்கிய உறவில் திருமணம். வெளிநாடுகளில் நடந்த சில ஆய்வுகள் அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு கண்டிருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட குடும்பத்தில், “உங்கள் வீட்டில் யாருக்காவது கருவிழிப் பிரச்சினை உண்டா?” என்ற கேள்வியைக் கேட்காமல் லேசரை எடுப்பது எப்படிச் சரியாகும்? மேலைநாட்டு ஆயிரத்தை இங்கே கொண்டுவந்து, அதில் நம் பிள்ளையை ஒருவராக நிறுத்தி ஆறுதல் சொல்வது கணக்கும் ஆகாது, மருத்துவமும் ஆகாது.

எண்ணுகிற விதத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிதம்பரத்திலிருந்தோ காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ ஒருவர் லேசிக்குக்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறார். முடிந்த மறுநாள் ஒரு பரிசோதனை, ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று. அதோடு சரி. பார்வை பளிச்சென்று இருக்கும்போது ஒரு நாள் கூலியையோ விடுப்பையோ இழந்து ரயிலேற யாருக்கும் மனம் வராது. எக்டேசியாவோ பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அப்போது அவர் வேறு ஊரில் வேலை பார்க்கலாம், வேறு மருத்துவரிடம் போகலாம். அறுவை செய்த மையத்தின் ஏட்டில் அவர் கடைசியாக வந்த நாளின் பார்வை 6/6. திரும்பி வராதவர் நலமாக இருப்பவராகவே கணக்கில் நிற்கிறார். லேசர் பார்வைத் திருத்தச் சிக்கல்களைக் கட்டாயமாகப் பதிந்தாக வேண்டும் என்ற தேசியப் பதிவேடு இந்தியாவில் கிடையாது. எண்ணாத ஒன்றை ‘அரிது’ என்று அடித்துச் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது?

“அதெல்லாம் பழைய மெஷின் காலம்” என்பது அடுத்த பதில். இதற்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியின் வரலாற்றில் தமிழருக்குப் பெருமையான பங்கு உண்டு. சென்னையில் 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றினார். 1981 நவம்பரில் நன்றி நவில் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை அவர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். எக்சிமர் லேசர் சுற்றுப்புறத் தசையைக் கருக்காமல், மைக்ரானுக்கும் குறைவான அளவில் துல்லியமாகச் செதுக்குவதை அவர்கள் கண்டார்கள். கண்ணுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ட்ரோக்கலோடு சேர்ந்து ஸ்ரீனிவாசன் 1983-ல் எழுதினார். 2013-ல் ஐபிஎம் ஆய்வாளர் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஸ்ரீனிவாசன் நமக்குத் தந்தது, எடுக்கும் அளவில் பிசகாத ஒரு கருவி. இந்தக் கண்ணிலிருந்து இவ்வளவு எடுக்கலாமா என்ற கேள்விக்கு அந்தக் கருவியிடம் பதில் கிடையாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிளேடுக்குப் பதில் ஃபெம்டோ லேசர் வந்ததால் மடலின் கனம் சீரானது. அது உண்மையான முன்னேற்றம். மடலே இல்லாத ஸ்மைல் முறை வந்ததால், பந்து பட்டோ விரல் குத்தியோ ஆண்டுகள் கழித்தும் மடல் நகர்ந்துவிடும் அபாயம் ஒழிந்தது. ஆனால் ஸ்மைல் முறையிலும் கருவிழியிலிருந்து ஒரு வில்லையை உருவி எடுக்கத்தான் செய்கிறார்கள். ஸ்மைலுக்குப் பிந்தைய எக்டேசியாவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பொருந்தாத கண்ணைப் புதிய கருவியால் செதுக்கினாலும் அது பொருந்தாத கண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? ‘அரிது, ஆகவே சொல்ல வேண்டாம்’ என்போர் தெரிந்தோ தெரியாமலோ ஒரு தீர்ப்பின் நிழலில் நிற்கிறார்கள். சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நோயாளியின் ஒப்புதல் எப்படிப் பெறப்பட வேண்டும் என்று வகுத்தது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்றது. மிகத் தொலைவான, ஏட்டளவிலான ஆபத்துகளைச் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னது. பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி வரியைத்தான். ஆனால் அந்த விலக்கு எதற்காக? பயந்துபோய், தேவையான சிகிச்சையை நோயாளி மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. லேசிக்கை மறுத்தால் வரும் விளைவு என்ன? மூக்கின் மேல் பழைய கண்ணாடி அப்படியே இருக்கும். வேறொன்றும் ஆகாது. கண்புரை அறுவையோடு இதை ஒப்பிட்டு, “எந்த ஆபரேஷனில்தான் ரிஸ்க் இல்லை?” என்று கேட்பவர்கள் பார்க்க மறுப்பது இதைத்தான். புரை விழுந்த கண் நோயுற்ற கண். மைனஸ் பவர் கண், கண்ணாடி போட்டால் கடைசி வரி வரை வாசிக்கும் கண். இழக்க நிறைய இருப்பவரிடம்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு நடுவர் குழு இதை எப்படிப் பார்த்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. அறுவைக்கு முன்பே வரைபடத்தில் எச்சரிக்கை அறிகுறி இருந்தும் லேசிக் செய்யப்பட்டு, பார்வை கெட்ட இளம் வங்கியாளர் ஒருவருக்கு 2005-ல் நியூயார்க்கில் 72.5 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. நோய் அரிது என்பது அந்த வழக்கில் கேடயமாகவில்லை.

நம் அரசு அமைப்புகளே இந்தச் சிக்கலை அற்பமாக நினைக்கவில்லை. இந்திய விமானப்படையின் மருத்துவ விதிகள், லேசிக் செய்துகொண்ட விண்ணப்பதாரரின் கருவிழி 450 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அறுவை 20 வயதுக்கு முன் நடந்திருக்கக் கூடாது, நடந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. ரயில்வேயோ உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதே இல்லை. விருத்தாசலம் சந்திப்பில் ரயிலைப் பார்த்து வளர்ந்து, அந்த வேலைக்காகவே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போய் நின்று, மருத்துவத் தேர்வில் வெளியேற்றப்படும் இளைஞனுக்கு இதை முன்கூட்டியே யார் சொன்னார்கள்?

அரிது என்ற சொல் அறுவைக்குப் பின்னும் தீங்கு செய்கிறது, அதுவும் முன்னதைவிட அதிகமாக. பார்வை மங்குகிறது என்று வரும் நோயாளிக்கு “கண் வறட்சி, சொட்டு மருந்து போடுங்கள்”, “பவர் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கண்ணாடி எழுதித் தருகிறேன்” என்ற பதில் கிடைக்கிறது. அரிய நோயை யாரும் முதலில் நினைப்பதில்லையே. எக்டேசியாவில் காலம்தான் எல்லாம். முதன்முதலில் எக்டேசியாவைச் சுட்டிக்காட்டிய அதே சைலர், வோலன்சாக், ஷ்போர்ல் ஆகியோருடன் டிரெஸ்டன் நகரில் உருவாக்கியதுதான் கிராஸ்லிங்கிங் சிகிச்சை. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புறஊதா ஒளி பாய்ச்சினால் கருவிழியின் நார்கள் இறுகி, பிதுங்குவது பெரும்பாலும் நிற்கும். 2003-ல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லேசர் பார்வைத் திருத்தத்துக்குப் பின் வரும் எக்டேசியா என்று பெயர் சொல்லியே இதற்கு அனுமதி தந்தது. ஆனால் வழக்கமான முறையில் செய்யக் கருவிழி 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒளி உள்ளடுக்குச் செல்களைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே சீவி மெலிந்த கருவிழியில் ஓராண்டுச் சொட்டு மருந்துத் தாமதம் எதைப் பறிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற அரிய சிக்கல்களிலும் இதே கதைதான். மடலுக்கு அடியில் மணல் தூவியதுபோல அழற்சி படர்வது முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அப்போதே பிடித்தால் சரியாகும். கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத இடத்தில் வரும் ஒருவகை மைக்கோபாக்டீரியத் தொற்று, வாரங்கள் கழித்துத் தலைகாட்டும். கருவிழி நரம்புகள் அறுபட்டு, கண் பார்க்க நன்றாக இருந்தும் எரிச்சலும் வலியும் விடாத நிலை சிலருக்கு. பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால் “மனப்பிரமை” என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள். அவர்கள் படும் பாடு தனியாக எழுதப்பட வேண்டியது.

லேசிக்கையே விரட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. அமெரிக்கக் கடற்படையினரிடமும் பொதுமக்களிடமும் உணவு மருந்து நிர்வாகம் நடத்தி, 2017-ல் வெளியான ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 43 பேராவது மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம், நிழலுரு என்று புதிதாக ஏதாவது ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அது அன்றாட வேலையைக் கெடுக்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால் நம் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைப்பது அவர்களைக் குறைத்து எடைபோடுவது. நெல் விலையையும் நகைக்கடன் வட்டியையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் புரியும்.

ஊர் முகாமில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிப் பவர் பார்ப்பது கருவிழிப் பரிசோதனை ஆகாது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் லேசிக்குக்குக் கிளம்புகிறவர்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டுப் போங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வரைபடத்தை ஏமாற்றும். “என் தடிமன் எத்தனை மைக்ரான்? முடிந்தபின் எவ்வளவு மிஞ்சும்? வரைபடம் சீராக இருக்கிறதா?” என்று கேளுங்கள். பதிலை எண்ணாக வாங்குங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தையும், குடும்பத்தில் யாருக்காவது கருவிழி நோய் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரோடு சண்டை பிடித்து, சரி என்று சொல்லும் இன்னொருவரைத் தேடிப் போகாதீர்கள்.

அந்த வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். பின்னால் பார்வை மங்கினால் பிதுங்கியிருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம். முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசருக்கு முந்தைய உங்கள் கருவிழி அளவை அன்றைய மருத்துவர் கேட்பார்.